கடித்தது ஓநாய், எரித்தது நீதிமன்றம்

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, இந்த நேரத்திலும் ஓநாய்க் கதை கேட்க எழுந்து போகாமல் உட்கார்ந்திருக்கும் அவையோரே, வணக்கம்.

ஓநாயாக உருமாறிக் கொலை செய்தார்கள் என்று மனிதர்களை விசாரித்த ஐரோப்பாவின் ஓநாய் மனித வழக்குகளில் உயிர்களைப் பலிவாங்கியது மக்களின் மூடநம்பிக்கையா, விசாரணை முறையா? இதுதான் இன்றைய வழக்கு. விசாரணை முறைதான் என்று சொல்ல வந்திருக்கிறோம் நாங்கள். எனக்கு முன்னால் பேசிய எதிரணித் தலைவர் உருக்கமாகப் பேசினார். ஊர் பயந்தது, பயந்த ஊர் பக்கத்து வீட்டுக்காரனைக் கைகாட்டியது, நீதிபதி பாவம், ஊர் சொன்னதை எழுதிக்கொண்டார் என்றார். ஏதோ நீதிபதி சுருக்கெழுத்துக்காரர் மாதிரியும், தீர்ப்பை ஊரே எழுதிக் கொடுத்த மாதிரியும்!

ஐயா, நம்பிக்கைதான் கொலையாளி என்றால் அதற்கு என்ன வயது என்று பார்க்க வேண்டாமா? 7-ஆம் நூற்றாண்டில் ஏஜினா தீவைச் சேர்ந்த பால் என்ற கிரேக்க மருத்துவர், ராத்திரியில் ஓநாய் போலத் திரிகிறவர்களைப் பற்றி எழுதியிருக்கிறார். முகம் வெளுத்திருக்கும், கண் வறண்டிருக்கும், நாக்கு காய்ந்து தாகமாய்த் தவிப்பார்கள், இருட்டில் தடுக்கி விழுந்து விழுந்து காலில் ஆறாத புண் இருக்கும். இதை அவர் மன நோய்களோடு சேர்த்திருக்கிறார். வைத்தியம்? ரத்தம் எடு, குளிப்பாட்டு, நல்ல ஆகாரம் கொடு, தூங்க வை. விறகு அடுக்கு என்று அந்த மனுஷன் எழுதவில்லை.

906 வாக்கில் ஜெர்மனியின் ப்ரூம் மடத்தின் முன்னாள் தலைவர் ரெகினோ தொகுத்த சர்ச் விதிகளில் ஒன்று இன்னும் வேடிக்கை. படைத்தவனைத் தவிர வேறொருவரால் ஓர் உயிரை வேறு உருவாக மாற்ற முடியும் என்று நம்புகிறவன் சந்தேகமே இல்லாமல் ஓர் அவிசுவாசி என்கிறது அது. கவனியுங்கள், அன்றைக்கு நம்பினவன்தான் குற்றவாளி. அதே சர்ச்சின் பிள்ளைகள்தான் 600 வருஷம் கழித்து, ஓநாயாக மாறினாய் என்று சொல்லி ஆளைக் கட்டி எரிக்கிறார்கள். கிராமத்து ஜனங்களின் நம்பிக்கை நடுவில் மாறவே இல்லை. அப்படியானால் மாறியது எது?

சட்டம் மாறியது. 1532-இல் ஜெர்மானிய நாடுகளை ஆண்ட ஐந்தாம் சார்லஸ் பேரரசர் பெயரால் 'கரோலினா' என்ற குற்றவியல் சட்டம் வந்தது. அதன் கணக்கு எளிது. மரண தண்டனை தர நேரில் பார்த்த இரண்டு நல்ல சாட்சிகள் வேண்டும், இல்லையென்றால் ஒப்புதல் வாக்குமூலம் வேண்டும். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் மனிதன் ஓநாயாக மாறுவதை இரண்டு பேர் எங்கே நின்று பார்ப்பார்கள்? ஆகவே வாக்குமூலம் ஒன்றுதான் வழி. சந்தேகம் வலுத்தால் வாக்குமூலத்துக்காக ஆளை வதைக்கலாம் என்று அதே சட்டம் அனுமதியும் கொடுத்தது.

இனி 1589, அக்டோபர் மாதம், ஜெர்மனியில் கொலோனுக்குப் பக்கத்தில் பெட்பர்க். அந்த வட்டாரத்தில் சில வருஷமாகச் சண்டை, கூலிப்படை, கொள்ளை. பிள்ளைகள் செத்தார்கள், அதை யாரும் மறுக்கவில்லை. பீட்டர் ஸ்டம்ப் என்ற விவசாயியைப் பிடித்தார்கள். அடுத்த வருஷம் லண்டனில் அச்சான ஒரு பிரசுரம் முழுக்கதையையும் சொல்கிறது. கை காலை இழுக்கும் வதைக் கட்டில் முன்னால் நிறுத்தினதும், வலிக்குப் பயந்து தானே முன்வந்து ஒப்புக்கொண்டானாம். தானே முன்வந்து! சாத்தான் ஓர் இடுப்பு வார் கொடுத்தான், அதைக் கட்டினால் ஓநாய், அவிழ்த்தால் மனிதன், 13 குழந்தைகளையும் 2 கர்ப்பிணிகளையும் கொன்றேன் என்றான். வார் எங்கே என்று கேட்டார்கள். ஒரு பள்ளத்தாக்கில் போட்டுவிட்டேன் என்றான். ஆள் அனுப்பித் தேடினார்கள். கிடைக்கவில்லை.

நடுவர் அவர்களே, இங்கே கொஞ்சம் நில்லுங்கள். வழக்கின் ஒரே பொருள் சாட்சியம் இல்லை என்று தெரிந்துவிட்டது. நம்மூர் மாஜிஸ்திரேட்டாக இருந்தால் அடுத்த வாய்தாவிலேயே போலீஸ்காரர் முழிப்பார். அங்கே என்ன முடிவுக்கு வந்தார்கள் தெரியுமா? கொடுத்த சாத்தானே திரும்ப எடுத்துக்கொண்டு போயிருப்பான்! வார் கிடைத்திருந்தால் சாட்சி, கிடைக்காவிட்டாலும் சாட்சி. பழுக்கக் காய்ச்சிய இடுக்கியால் அவன் சதையைப் பிய்த்து, கோடரியால் எலும்பை முறித்து, தலையை வெட்டி, உடலை எரித்தார்கள். கூடவே அவன் மகளையும், அவனோடு வாழ்ந்த பெண்ணையும் எரித்தார்கள். ஸ்டம்ப் யோக்கியன் என்று நான் வாதாடவில்லை. அவன் கொலைகாரனாகவே இருந்திருக்கலாம். ஆனால் மகளை எரித்தது எந்த ஊர்வாய்? தீர்ப்பில் கையெழுத்து வைக்க ஊருக்கு ஏது பேனா?

பிள்ளைகளைக் கொன்ற ஓநாய் மனிதன் என்று பிடிபட்ட ஜில் கார்னியே என்பவனின் வழக்கை எதிரணி நண்பர் சொன்னார். ஊர்க்காரர்கள்தானே அவனை ஓநாய் உருவில் அடையாளம் கண்டார்கள் என்றார். சரி. ஆனால் 1573-இல், இன்றைய கிழக்கு பிரான்ஸில் இருக்கும் டோல் நகர உயர்நீதிமன்றம் என்ன ஆணை போட்டது என்பதை மட்டும் வசதியாக விட்டுவிட்டார். வேட்டைக் கட்டுப்பாடுகளைத் தளர்த்தி, ஈட்டியும் துப்பாக்கியும் தடியும் எடுத்துக்கொண்டு ஓநாய் மனிதனைத் தேடிப் பிடியுங்கள் என்று ஜனங்களுக்கு உத்தரவு! இருட்டில் தெரிந்த மிருகத்துக்கு மனித முகம் வைத்துப் பார்க்கச் சொன்னதே நீதிமன்றம். கார்னியேயை உயிரோடு எரித்தார்கள்.

இனி என் பிடியான வழக்குக்கு வருகிறேன். 1598, பிரான்ஸில் ஆஞ்சே நகரம். ஜாக் ரூலே என்ற பிச்சைக்காரன், பாதி நிர்வாணமாக, சடை பிடித்த தலையோடு, கையில் ரத்தத்தோடு, ஒரு சிறுவனின் பிணத்துக்குப் பக்கத்தில் பிடிபட்டான். விசாரணையைக் கேளுங்கள். உன் கையும் காலும் ஓநாய்ப் பாதங்களாக மாறுமா? மாறும். உன் தலை ஓநாய்த் தலையாகுமா, வாய் பெரிதாகுமா? அப்போது என் தலை எப்படி இருந்தது என்று எனக்குத் தெரியாது, பல்லால் கடித்தேன் என்கிறான். பாதம் என்ற சொல்லைக் கேள்வியிலேயே வைத்துக் கொடுத்தாயிற்று. அவன் தலையாட்டினான், அவ்வளவுதான். ஆஞ்சேயில் மரண தண்டனை.

மேல்முறையீடு பாரிஸ் உயர்நீதிமன்றத்துக்குப் போனது. அதே ஆள், அதே ரத்தம், அதே வாக்குமூலம். இவன் புத்தி பேதலித்தவன் என்று பார்த்த நீதிபதிகள், தண்டனையை ரத்து செய்து 2 வருஷம் மனநோய் விடுதியில் வைக்கச் சொன்னார்கள். 1603-இல் போர்டோ உயர்நீதிமன்றமும் அப்படித்தான். நான் ஓநாய், பிள்ளைகளைத் தின்றேன் என்று தானே பெருமையடித்த ஜான் கிரெனியே என்ற பதின்மூன்று, பதினான்கு வயதுப் பையனை எரிக்காமல் ஒரு மடத்தில் அடைத்து வைத்தது. ஆஞ்சேக்கும் பாரிஸுக்கும் நடுவில் மூடநம்பிக்கை குறைந்துபோயிற்றா? ஊர்ஜனம் மாறவில்லை ஐயா, விசாரித்த கை மாறியது.

எதிரணியின் துருப்புச் சீட்டு, இன்றைய லாட்வியா, எஸ்டோனியா பக்கம் இருந்த லிவோனியாவின் கிழவர் தீஸ். அடிக்காமலே உதைக்காமலே நான் ஓநாய்தான் என்று சொன்னாரே என்கிறார்கள். சொன்னார்தான்! 1691-இல் அவரைக் கூப்பிட்டதே ஒரு சர்ச் திருட்டு வழக்கில் சாட்சி சொல்ல. எண்பதைத் தாண்டிய கிழவர் சத்தியம் செய்யப் போகிறார், இன்னொரு சாட்சியான சத்திரக்காரர் சிரிக்கிறார். ஏன் சிரிக்கிறாய் என்று கேட்டால், இவர் ஓநாய் மனிதர் என்று ஊருக்கே தெரியுமே என்கிறார். ஊருக்கே தெரியும்! தெரிந்தும் அத்தனை வருஷம் யாரும் அவர் மேல் ஒரு கல்லை எறியவில்லை. மாட்டுக்கு நோய் என்றால் மந்திரிக்க அவரிடமே போனார்கள். நரகத்தில் ஒரு சூனியக்காரன் துடைப்பக்கட்டையால் அடித்து என் மூக்கை உடைத்தான் என்று சில வருஷம் முன்பே வேறொரு நீதிமன்றத்தில் அவர் சொன்னபோது, அந்த நீதிபதிகள் சிரித்துவிட்டு வீட்டுக்கு அனுப்பியிருக்கிறார்கள்.

நாங்கள் கடவுளின் வேட்டை நாய்கள், சூனியக்காரர்கள் நரகத்துக்குத் திருடிக்கொண்டு போகும் விளைச்சலை மீட்டுக்கொண்டு வருகிறோம் என்றார் கிழவர். சாத்தானோடு ஒப்பந்தம் உண்டா என்று நீதிபதிகள் திரும்பத் திரும்பக் குடைந்தார்கள். இல்லவே இல்லை என்றார். கடைசியில் சவுக்கடி கொடுத்து நாடு கடத்தினார்கள், உயிர் தப்பியது. ஓநாய் நம்பிக்கை முழுசாக வேர்விட்ட ஊர் அது, ஊரும் நம்பியது, அவரும் நம்பினார். வதைக் கட்டில் இல்லை, ஆகவே பிணமும் இல்லை.

மணி அடித்துவிட்டார்கள். அடுத்துப் பேச வரும் எதிரணி அம்மையார் வேறெதையும் தொடுவதற்கு முன்னால், ஆஞ்சேயில் சாக வேண்டிய ரூலே பாரிஸில் எப்படிப் பிழைத்தான் என்பதற்கு மட்டும் பதில் சொல்லிவிட்டுத் தொடங்கட்டும். நன்றி, வணக்கம்.