புரொக்கன் மலைக்கு நீராவி ரயிலில்

நேயர்களுக்கு வணக்கம். ஜெர்மனிக்கு விடுமுறைக்குச் செல்கிறவர்களில் பலர் பத்து நாட்களில் பத்து நகரங்களைப் பார்த்துவிட விரைகிறார்கள். நானோ, ஹார்ஸ் மலைத்தொடரின் அடிவாரத்தில் மரச்சட்ட வீடுகள் நிறைந்த வெர்னிகெரோடே என்னும் சிற்றூரிலேயே ஐந்து நாட்கள் தங்கினேன். அங்கிருந்து புறப்படும் நீராவி ரயில்தான் அதற்குக் காரணம்.

ஹார்ஸ் மலையின் மீட்டர் கேஜ் பாதைகள், அதாவது தண்டவாளங்களுக்கு இடையே ஒரு மீட்டர் அகலமே உள்ள ரயில் பாதைகள், மொத்தம் சுமார் 140 கிலோமீட்டர் நீளமுடையவை. அவற்றுள் புகழ்பெற்றது, 1,141 மீட்டர் உயரமுள்ள புரொக்கன் சிகரத்துக்குச் செல்லும் பாதை. நம் நீலகிரி மலை ரயிலும் மீட்டர் கேஜ்தான் என்றாலும், அங்கே செங்குத்தான ஏற்றத்துக்குப் பற்சக்கரம் வேண்டியிருக்கிறது. இங்கோ, முப்பது மீட்டருக்கு ஒரு மீட்டர் உயரும் தடத்தை, 1950களில் கட்டப்பட்ட கனத்த எஞ்சின்கள் சாதாரணச் சக்கரங்களின் பிடிமானத்தைக் கொண்டே ஏறிவிடுகின்றன.

வழியில் ட்ரை அன்னன் ஹோனே நிலையத்தில் எஞ்சின் தண்ணீர் பிடிக்கும்போது, பெட்டியிலேயே அமர்ந்திருக்காமல் இறங்கிச் சென்று பாருங்கள். எஞ்சினுக்குக் கரி போடும் ஃபயர்மேன் தொட்டியின் மூடியைத் திறந்து, நீர்க்குழாயின் நீண்ட கையை அதன் வாய்க்கு நேராகத் திருப்புகிறார். நிரம்பி வழியும் நீர் எஞ்சினின் கரிய பக்கங்களில் ஓடி இறங்க, சூடான எண்ணெயும் நிலக்கரியும் கலந்த வாசனை நடைமேடை முழுவதும் பரவுகிறது. மீதிப் பயணத்தைப் பெட்டியின் முனையிலுள்ள திறந்த மேடையில் நின்றபடியே செய்தேன். சட்டையில் கரித்தூள் படிந்தது. அதைத் தட்டிவிடவும் மனம் வரவில்லை.

இந்த மலைக்கு ஒரு துயரமான காலமும் உண்டு. கிழக்கு, மேற்கு ஜெர்மனிகளின் எல்லையை ஒட்டியிருந்ததால், 1961 ஆகஸ்டில் சிகரம் பொதுமக்களுக்கு மூடப்பட்டு, ஒட்டுக்கேட்கும் நிலையங்களுக்கும் படையினருக்கும் உரியதாயிற்று. பெர்லின் சுவர் திறந்த சில வாரங்களில், 1989 டிசம்பர் 3ஆம் நாள், மக்கள் திரண்டு நடந்தே மேலேறி, சிகரத்தை அடைத்திருந்த வாயிலைத் திறக்கச் செய்தார்கள். பயணிகள் ரயில் 1991 செப்டம்பரில் மீண்டும் சிகரத்தை எட்டியது. அடிவாரத்தில் பிறந்தும் ஏறத்தாழ 28 ஆண்டுகள் அந்த உச்சியை அண்ணாந்து மட்டுமே பார்த்திருந்தவர்களை எண்ணும்போது எனக்கு நெஞ்சு கனத்தது.

புரொக்கனில் ஆண்டுக்குச் சுமார் 300 நாட்கள் மூடுபனி தலைகாட்டும். முதல் நாள் எனக்கும் மேலே வெண்திரையைத் தவிர ஒன்றும் தெரியவில்லை. சூடான பட்டாணி சூப் குடித்துவிட்டு இறங்கினேன். ஊரிலேயே தங்கியிருந்ததால் நான்காம் நாள் மீண்டும் போக முடிந்தது. அன்று வானம் தெளிந்திருந்தது. உச்சியிலிருந்து பார்த்தபோது, மலையை வளைத்துச் சுற்றும் தடத்தில் அடுத்த ரயில் ஏறி வந்துகொண்டிருந்தது. பட்டுப்போன ஸ்ப்ரூஸ் என்னும் ஊசியிலை மரங்களுக்கு மேலே வெண்புகை முதலில் தெரிந்தது, நெடுநேரம் கழித்தே அதன் ஊதல் அருகில் கேட்டது.