4 ஸ்டார் போட்டா பிடிச்சிருக்குன்னு அர்த்தமா?

[திரையில்: இரண்டு படங்கள், இரண்டுக்கும் 4 ஸ்டார்]

ஒரே ஆள், ரெண்டு படத்துக்கும் 4 ஸ்டார் போட்டிருக்கார். ரெண்டும் ஒரே அளவு பிடிச்சிருக்குன்னு நினைச்சா, ரேட்டிங்கை வச்சு அவர் ரசனையைக் கண்டுபிடிக்கிற கணக்கு அங்கேயே தப்பிடும்.

முதல்ல அவர் கை எவ்வளவு தாராளம்னு தெரியணும். அதுக்கு அவரோட சராசரியை மட்டும் பார்த்தா போதாது. விசாரிச்சு நல்ல படமா பார்க்கிறவருக்குச் சராசரி தானா ஏறிடும். அதனால, ஒவ்வொரு படத்துக்கும் அவர் போட்டதுல இருந்து, அந்தப் படத்துக்கு மத்தவங்க எல்லாரும் போட்ட சராசரியைக் கழிங்க. அந்த வித்தியாசங்களோட சராசரிதான் தாராளம். இவருக்கு 0.3னு வச்சுக்குவோம்.

[திரையில்: 4.1 + 0.3 = 4.4 / 2.9 + 0.3 = 3.2]

முதல் படத்தோட சராசரி 4.1. இவர் 4.4 தந்திருக்கணும், தந்தது 4. மீதி மைனஸ் 0.4. ரெண்டாவது படம் ஊரே திட்டினது, சராசரி 2.9. இவர்கிட்ட 3.2தான் எதிர்பார்க்கலாம், 4 போட்டிருக்கார். மீதி பிளஸ் 0.8. ரசனை இருக்கிறது இந்த மீதியிலதான்.

இது சின்ன விஷயம் இல்ல. நெட்ஃபிளிக்ஸ் 2006-ல 10 கோடிக்கும் அதிகமான ரேட்டிங்கை வெளியிட்டு, யார் எந்தப் படத்துக்கு எத்தனை ஸ்டார் போடுவாங்கங்கிற கணிப்புல வர்ற பிழையை 10 சதவீதம் குறைக்கிறவங்களுக்கு 10 லட்சம் டாலர்னு போட்டி வச்சது. 2009-ல ஜெயிச்ச அணியில இருந்த யெஹூதா கோரன், அத்தனை நுட்பங்களுக்கு நடுவுல தனியா எடுத்துச் சொன்னது இந்த எளிய கழித்தலைத்தான்.

அடுத்து, மீதிகளை வகை வாரியா பிரிங்க. மூணு பேய்ப் படம்: 0.8, 1.0, 0.6. கூட்டினா 2.4. மூணால வகுத்தா 0.8 வரும், உடனே 'பேய்ப் பட ரசிகர்'னு முத்திரை குத்தத் தோணும். மூணு படத்தை நம்பக்கூடாது. எண்ணிக்கையோட 5 சேர்த்து, 8-ஆல வகுங்க: 0.3. இதே மாதிரி 30 படம் இருந்தா, 24-ஐ 35-ஆல வகுத்தாலும் ஏறக்குறைய 0.7 நிக்கும். அந்த 5 வேதவாக்கு இல்ல. 2, 10னு மாத்திப் பார்த்து, எது சரியா கணிக்குதோ அதை வச்சுக்கலாம்.

பெரும்பாலும் சறுக்குறது காலி இடத்துல. ஒருத்தர் பேய்ப் படத்துக்கே போகாதவர். யாரோ இழுத்துட்டுப் போன ஒரே ஒரு நல்ல படத்துக்கு 5 போட்டிருப்பார். பார்க்காம விட்டதும் தகவல்தான், அதை நடுநிலைன்னு எடுத்துக்காதீங்க. கார்ட்டூனுக்கும் கொலைப் படத்துக்கும் மாறி மாறி 5 விழுந்தா, ஒரே அக்கவுண்ட்டை ரெண்டு பேர் பயன்படுத்துறாங்களான்னு பாருங்க. சாயங்காலம், ராத்திரின்னு நேரத்தை வச்சுப் பிரிச்சாலே பல தடவை தெரிஞ்சிடும்.

[திரையில்: கடைசி 10 ரேட்டிங் மறைகிறது]

சோதிக்க, அவரோட கடைசி 10 ரேட்டிங்கை மறைச்சு வச்சுட்டு, மத்ததை மட்டும் வச்சுக் கணிங்க: படத்தோட சராசரி, அவரோட தாராளம், அந்த வகைக்கு வந்த மீதி, மூணையும் கூட்டினா கணிப்பு. படத்தோட சராசரியும் தாராளமும் மட்டும் சேர்த்த கணிப்பை விட பிழை குறையலைன்னா, நீங்க பிரிச்ச வகைகள் அவருக்குப் பொருந்தலை. 'பேய்', 'காதல்'னு விட்டுட்டு இயக்குநர், வருஷம், நீளம்னு வேற மாதிரி பிரிச்சுப் பாருங்க.