பத்தாயிரம் வெள்ளிக்குக் கீழே வராது

நேயர்களுக்கு வணக்கம். நான் கோலாலம்பூரில் குற்றவியல் வழக்குகள் நடத்தும் வழக்கறிஞர். கல்யாண விருந்து, தீபாவளிக் கொண்டாட்டம் முடிந்து குடித்த நிலையில் வண்டி எடுத்து, சாலைத் தடுப்பில் மாட்டிக்கொள்ளும் நம் பிள்ளைகளைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன்.

ஜாலான் டூத்தா நீதிமன்ற வளாகத்தில் ஒரு காலை நேரம். மகனுக்கு அபராதம் விதித்தாயிற்று. அம்மா பெஞ்சில் உட்கார்ந்து, மடியில் துணிப்பையை வைத்துக்கொண்டு ஐம்பது வெள்ளி (ரிங்கிட்) தாள்களை எண்ணுகிறார். அதே பையில் வளையலை அடகு வைத்த ரசீது. இரண்டு தடவை எண்ணியும் குறைகிறது. கட்டாவிட்டால் மகன் உள்ளே போகவேண்டும். மாமா மீதிப் பணத்தோடு ஓடி வரும்வரை அந்த அம்மா வாய் திறக்கவில்லை.

"முன்ன மாதிரி ரெண்டாயிரம், மூவாயிரத்துல முடிக்க முடியாதுங்களா?" என்று இன்றும் என்னிடம் கேட்கிறார்கள். முடியாது. முன்பு 1,000 முதல் 6,000 வெள்ளி வரைதான். 2020 அக்டோபர் 23 முதல் சாலைப் போக்குவரத்துச் சட்டம் கடுமையாகிவிட்டது. முதல் தடவை என்றாலும் குறைந்தது 10,000, அதிகபட்சம் 30,000 வெள்ளி அபராதம்; 2 ஆண்டு வரை சிறையும் உண்டு. லைசென்ஸ் குறைந்தது 2 ஆண்டுக்குப் போய்விடும். மாஜிஸ்திரேட் எவ்வளவு இரக்கப்பட்டாலும் அந்தப் பத்தாயிரத்துக்குக் கீழே இறங்க சட்டம் இடம் தரவில்லை. அனுமதிக்கப்பட்ட மது அளவும் குறைந்துவிட்டது: 100 மில்லிலிட்டர் மூச்சுக் காற்றில் 35 மைக்ரோகிராம் என்றிருந்தது, இப்போது 22. ஊதமாட்டேன் என்று தக்க காரணமில்லாமல் மறுப்பதும் தனிக் குற்றம்.

"ஓட்டவே இல்ல சார், கார்லதான் தூங்கினேன்" என்பார்கள். போதையில் வண்டியைத் தன் பொறுப்பில் வைத்திருந்தாலே குற்றமாகலாம். அந்த நிலையில் ஓட்டும் வாய்ப்பே இல்லை என்று நிரூபிக்கவேண்டியவர் அவர்தான்.

அபராதத்தோடு செலவு நிற்பதில்லை. லாரி ஓட்டும் பையனுக்கு லைசென்ஸ் போனால் மாதச் சம்பளமே போச்சு. காருக்கு வாங்கிய பேங்க் கடனோ மாதா மாதம் வந்து நிற்கும். குடித்த நிலையில் மோதி நொறுங்கிய சொந்தக் காருக்கு வழக்கமான காப்புறுதி பணம் தராது. எதிரே வந்தவர் காயப்பட்டு, நிறுவனம் அவருக்கு இழப்பீடு கொடுத்தாலும், அந்தத் தொகையை ஓட்டியவரிடமே திருப்பிக் கேட்கலாம். வீட்டுக்கு வரும் அந்தக் கடிதத்துக்குத்தான் நான் அதிகம் பயப்படுகிறேன்.

ஓர் உயிர் போய்விட்டால், 44ஆம் பிரிவு. 10 முதல் 15 ஆண்டு சிறை, 50,000 முதல் 100,000 வெள்ளி அபராதம், 10 ஆண்டுக்குக் குறையாமல் லைசென்ஸ் பறிப்பு. இறந்தவரின் குடும்பத்துக்கு இதெல்லாம் ஈடாகாது என்பதை நான் சொல்லித் தெரியவேண்டியதில்லை.

நள்ளிரவில் போலீஸ் நிலையத்திலிருந்து போன் வந்தால் பதறாமல் மூன்று விஷயம் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்: எந்த நிலையம், விசாரணை அதிகாரி யார், எந்தச் சட்டப் பிரிவு. வழக்கறிஞரைக் கலந்துகொள்வது கைதானவருடைய அரசியலமைப்பு உரிமை. வசதி இல்லாத மலேசியக் குடிமக்களுக்கு உதவத்தான் தேசிய சட்ட உதவி அறவாரியம் இருக்கிறது. மது அளவைத் தாண்டி ஓட்டியதற்கான 45A என்றால் ஒரு வழி, 44 என்றால் வேறு வழி. அந்த எண்ணைச் சொன்னால்தான் எங்களால் பேச்சைத் தொடங்கவே முடியும்.