சட்டம் பிறகுதான் வந்தது

அவையோருக்கு வணக்கம்.

கொவிட் காலத்தில், தொற்றியவர் அருகில் இருந்தவர்களைக் கண்டறிய சிங்கப்பூர் அரசு கொடுத்த டிரேஸ்டுகெதர் கருவியைச் சமூக மன்றத்தில் வரிசையில் நின்று வாங்கிக் கழுத்தில் மாட்டிக்கொண்டவர்கள் இந்த அரங்கில் நிறையப் பேர் இருப்பீர்கள். நாம் எங்கே போனோம் என்று அது பார்க்கவில்லை. பக்கத்தில் யார் இருந்தார்கள் என்பதை மட்டும் புளூடூத் வழியாகக் குறித்து 25 நாள் வைத்திருந்தது. தொற்று உறுதியானால்தான் சுகாதார அமைச்சு அதைக் கேட்டது. யோசித்துச் செய்த கருவி, மறுக்கவில்லை.

தொற்றுத் தொடர்பைக் கண்டறிய மட்டுமே அந்தத் தரவு பயன்படும் என்று 2020 ஜூனில் அமைச்சர் விவியன் பாலகிருஷ்ணன் சொன்னார். நம்பி வாங்கினோம். 2021 ஜனவரி 4ஆம் தேதி நாடாளுமன்றத்தில் துணை அமைச்சர் டெஸ்மண்ட் டான் சொன்னது வேறு: குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின்கீழ் காவல்துறை அதைக் கேட்டு வாங்கலாம். முன்பு பேசியபோது அந்தச் சட்டம் தன் யோசனையில் வரவில்லை என்று மறுநாள் விவியன் ஒப்புக்கொண்டார். அதற்குள் 4 மில்லியனுக்கும் அதிகமானோர் சேர்ந்துவிட்டார்கள்!

மக்கள் கொதித்த பிறகு, பிப்ரவரியில் சட்டம் வந்தது. ஏழு வகைக் கடுங்குற்றங்களை விசாரிக்க மட்டுமே காவல்துறை தரவைத் தொடலாம் என்றது அது. மீறினால் 20,000 வெள்ளி வரை அபராதம், சிறையும் உண்டு என்றது. சரி, நல்லதுதான். ஆனால் கருவியைக் கையில் கொடுப்பதற்கு முன்பே அதை எழுதியிருக்க வேண்டாமா? 1959 முதல் ஒரே கட்சி ஆளும் நாடு இது. தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டமும் அரசு அமைப்புகளைக் கட்டுப்படுத்தாது. இப்படிப்பட்ட இடத்தில் அமைச்சரின் வாய்ச்சொல்லே நமக்குப் பாதுகாப்பாக இருந்தது என்பதுதான் என்னை உறுத்துகிறது.

நமக்காவது கேட்க வழி இருந்தது. தங்கும் விடுதிகளில் இருந்த வெளிநாட்டு ஊழியர்களை நினைத்துப் பாருங்கள். அவர்களில் எத்தனையோ பேர் நம் தமிழ்ப் பிள்ளைகள். 2020 ஏப்ரலில் கதவுகள் மூடின. அப்புறம் வேலைக்குப் போகவே கைப்பேசியில் டிரேஸ்டுகெதர் செயலி இருக்க வேண்டும் என்றானது. வேலை அனுமதி முதலாளியை நம்பி இருக்கும்போது, என் தரவு யாருக்குப் போகிறது என்று அந்தத் தம்பி யாரிடம் கேட்பான்?

2023 பிப்ரவரியில் நாம் கருவியைக் கழற்றிவிட்டோம். அதற்குப் பிறகும், ஞாயிற்றுக்கிழமை லிட்டில் இந்தியாவான தேக்காவுக்கு வந்து சாமான் வாங்க, விடுதியில் இருப்பவர் கைப்பேசியில் விண்ணப்பித்து அனுமதி பெற வேண்டியிருந்தது. தொற்றுக்காக வந்த அனுமதிச்சீட்டு, தொற்று தணிந்த பிறகும் அவரைவிட்டுப் போகவில்லை. அவருக்கு ஓட்டு இல்லை. ஓட்டு இருக்கும் நாம்தான் இதை மக்கள் சந்திப்பு நிகழ்ச்சிகளில் நம் தொகுதி உறுப்பினரிடம் கேட்க வேண்டும்.