தண்ணீர்ப் பேயும் நீச்சல் வகுப்பும்

(எங்கள் ஊர்த் திரைப்படக் கழகத்தில் ஒரு ஜப்பானியப் படம் திரையிட்ட மாலையில் நான் பேசியதன் எழுத்து வடிவம்.)

விழாத் தலைவர் அவர்களே, வேறொரு நிகழ்ச்சியைப் பாதியில் விட்டுவிட்டு எங்களுக்காக வந்திருக்கும் கல்வி அலுவலர் அம்மா அவர்களே, நகர்மன்ற உறுப்பினர் ஐயா அவர்களே, எனக்கு ஏழாம் வகுப்பில் கணக்குச் சொல்லிக்கொடுத்து, இன்றைக்கு முதல் வரிசையில் உட்கார்ந்து நான் பேசுவதைக் கேட்கும் என் ஆசிரியர் அவர்களே, வாடகை என்ற பேச்சையே எடுக்காமல் இந்த மண்டபத்தைத் தந்த ஐயா அவர்களே, இந்த மழையிலும் வந்திருக்கும் தாய்மார்களே, தம்பி தங்கைகளே, எல்லோருக்கும் வணக்கம். கல்வி அலுவலர் அம்மா வந்தது எனக்குத் தனிப்பட்ட மகிழ்ச்சி. காரணம் போகப் போகத் தெரியும்.

மூன்று விஷயங்கள் பேசலாம் என்று வந்தேன். ஒன்று, இப்போது பார்த்த படம். இரண்டு, தண்ணீரில் பேய் இருக்கிறது என்று மனிதன் ஏன் நம்பினான் என்பது. மூன்று, நம் பிள்ளைகளுக்கு நீச்சல்.

படம் 'டார்க் வாட்டர்'. 2002இல் வந்தது. இயக்கியவர் ஹிடியோ நகாதா. இவர்தான் 1998இல் 'ரிங்' எடுத்து உலகத்தையே மிரள வைத்தவர். இரண்டு படத்துக்கும் மூலக்கதை கோஜி சுசுகி எழுதியது. 2005இல் ஹாலிவுட்டில் வால்டர் சாலஸ் இதையே மறுபடி எடுத்தார். அதை விடுங்கள், நமக்கு இன்று ஜப்பான் போதும்.

யோஷிமி விவாகரத்து வழக்கில் இருக்கும் ஒரு தாய். மகள் இகுகோ யாரிடம் வளர்வது என்பதுதான் வழக்கு. கையில் காசு இல்லை, பழைய அடுக்குமாடி ஒன்றில் குடியேறுகிறாள். படுக்கையறைக் கூரையில் ஓர் ஈரக்கறை. முதலில் தட்டு அளவு, அப்புறம் பாய் அளவு. சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விழுகிறது. கட்டடக் காவலரிடம் சொன்னால் அவர் காதிலேயே வாங்குவதில்லை. மாடியில் ஒரு சிவப்புப் பை கிடக்கிறது. குப்பையில் போட்டாலும் அந்தப் பை திரும்பி வந்துவிடுகிறது. மஞ்சள் மழைக்கோட்டுப் போட்ட ஒரு சின்னப் பெண் அங்கங்கே தெரிகிறாள். அவள் மிட்சுகோ. யோஷிமி குடிவருவதற்கு முன்பே காணாமல் போனவள். மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டிக்குள் விழுந்து இறந்தவள்.

இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். தொட்டியை யாரோ சுத்தம் செய்தார்கள். சுத்தம் செய்த அன்றுதான் அவள் காணாமல் போனாள். மூடி திறந்தே கிடந்தது. பையை எடுக்க எட்டிப் பார்த்த குழந்தை உள்ளே போய்விட்டது. பேய் அதற்கப்புறம் வந்ததுதான். முதலில் வந்தது மூடாத மூடி. நாம் எல்லோரும் பேயைப் பார்த்துக் கத்தினோம். அந்த மூடியைப் பார்த்துக் கத்தியிருக்க வேண்டும்.

எங்கள் அத்தை ஒரு பழமொழி சொல்லும்: நீந்த மாட்டாதவனை ஆறு கொண்டுபோகும். அத்தையைப் பற்றிச் சொல்லாமல் என்னால் மேலே போக முடியாது. ஐந்து நிமிடம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எனக்கு ஒன்பது வயது. எங்கள் தெருவில் ஒரு அண்ணன், பதினான்கு வயது இருக்கும், தோட்டத்துக் கிணற்றில் விழுந்து போய்விட்டார். மூன்று நாள் ஊரே சோறு பொங்கவில்லை. நான்காம் நாள் கதை கிளம்பியது. அந்தக் கிணற்றில் சிவப்புப் பாவாடை கட்டிய ஒரு பெண் இருக்கிறாள், வருடத்துக்கு ஒரு பலி கேட்பாள், உச்சி வேளையில் படிக்கட்டில் உட்கார்ந்து தலை சீவுவாள். யார் பார்த்தது? யாரும் பார்க்கவில்லை. ஆனால் எல்லோருக்கும் தெரியும். அம்மா என்னைத் தண்ணீர்ப் பக்கமே விடவில்லை. வாய்க்காலைத் தாண்டக்கூட அப்பாவின் கையைப் பிடிக்க வேண்டும். ராத்திரி வீட்டுத் தொட்டியில் சொம்பு மோதும் சத்தம் கேட்டால் எனக்கு உடம்பு வேர்க்கும். இந்தப் படத்தில் யோஷிமி கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருக்கிறாளே, அந்தப் படுக்கை எனக்குத் தெரியும்.

அந்தக் கோடை விடுமுறைக்கு அத்தை வந்தது. அப்பாவின் தங்கை, கரூர்ப் பக்கம் கட்டிக்கொடுத்தது. கதையை முழுக்கக் கேட்டது. ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் விடியற்காலையில் என்னை எழுப்பி, "வா சாமி, அந்தப் புள்ளையப் பாத்துட்டு வரலாம்" என்றது. எனக்குக் கால் நகரவில்லை. இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டு நடந்தது. ஒன்பது வயதுப் பையனை! கிணற்றடிக்குப் போனதும் சேலையைத் தார்பாய்ச்சிக் கட்டிக்கொண்டு, மேலே இருந்து ஒரே குதி. நாற்பது அடிக் கிணறு. தண்ணீர் வாயை மூடிக்கொண்டது. நான் எண்ணுகிறேன். ஒன்று, இரண்டு, மூன்று. பத்தைத் தாண்டியது. எனக்கு அழுகை வெடித்துவிட்டது. அப்புறம் எதிர்ச் சுவர் ஓரமாகத் தலை வெளியே வந்தது. முகத்தை வழித்துக்கொண்டு மேலே பார்த்துக் கத்தியது: "அடிவரைக்கும் போய்ப் பாத்துட்டேன் கண்ணு. ரெண்டு தேங்காத் தொட்டியும் ஒரு பழைய வாளியும்தான் கெடக்குது!"

அன்றைக்கே என் இடுப்பில் கயிற்றைக் கட்டி, முதுகில் சுரைப்புருடையை, அதாவது மிதப்பதற்கான காய்ந்த சுரைக்குடுக்கையை, வைத்துக் கட்டித் தண்ணீரில் இறக்கிவிட்டது. கயிற்றின் மறுமுனை அத்தையின் கையில். காது இரண்டும் தண்ணீருக்குள் போனபோது உலகமே அமைதியானது, என் மூச்சுச் சத்தம் மட்டும் எனக்குக் கேட்டது. பதினோராம் நாள் புருடையை அவிழ்த்துவிட்டது. நான் மிதந்துகொண்டிருந்தேன். அம்மா கிணற்றடிக்கு வந்து சத்தம் போட்டபோது அத்தை திருப்பிச் சொன்னதுதான் அந்தப் பழமொழி: "நீந்த மாட்டாதவனத்தான் அண்ணி ஆறு கொண்டுபோகும்." அதற்கப்புறம் அம்மா ஒன்றும் பேசவில்லை.

சரி, ஜப்பானுக்கு வருவோம். தீவு நாடு. சுற்றிக் கடல், உள்ளே ஆறு, குளம், நெல்வயல். அதனால் அங்கே தண்ணீர்ப் பேய்கள் ஏராளம். ஹிமேஜி கோட்டையில் ஓகிகு என்ற பணிப்பெண்ணின் பெயரில் ஒரு கிணறு இன்றும் இருக்கிறது. கிணற்றுக்குள் இருந்து ராத்திரியில் அவள் தட்டுகளை எண்ணுவாளாம், ஒன்பதோடு நின்றுவிடுமாம். கடலில் செத்தவர்களின் ஆவி படகோரம் வந்து அகப்பை கேட்குமாம். கொடுத்தால் அதிலேயே தண்ணீரை மொண்டு ஊற்றிப் படகை முழுக்கிவிடும். அதனால் ஓட்டை அகப்பையைக் கொடுக்க வேண்டும். ஆற்றில் கப்பா என்று ஒன்று, தலையில் தண்ணீர்க் குழி உள்ள பிராணி, பிள்ளைகளை உள்ளே இழுக்கும். இன்றைக்கும் அங்கே குளக்கரை எச்சரிக்கைப் பலகைகளில் கப்பா படம் போட்டிருக்கும். பேய்க்கதை என்பது ஊர் வைத்த வேலிதான். நான் அதைக் கேலி செய்யமாட்டேன். ஆனால் வேலி மட்டும் போதுமா?

1955 மே 11. செட்டோ உள்கடலில் காலைப் பனிமூட்டம். ஷியுன் மாரு என்ற பயணக் கப்பல் இன்னொரு கப்பலோடு மோதி மூழ்கியது. 168 பேர் இறந்தார்கள். அதில் 100 பேர் சுற்றுலா வந்த பள்ளிப் பிள்ளைகள். அதே வருடம் ஜூலை 28, சூ என்ற நகரத்தின் கடற்கரை. நடுநிலைப் பள்ளி ஒன்றின் கடல் நீச்சல் வகுப்பில் 36 மாணவிகள் மூழ்கினார்கள். 36 பேரும் பெண் பிள்ளைகள். சில ஆண்டுகள் கழித்து ஒரு கதை பரவியது: போர்க்காலத் துணித்தொப்பி அணிந்த பெண்கள் தண்ணீருக்குள் கூட்டமாக வந்து காலைப் பிடித்து இழுத்தார்கள் என்று. 1945இல் அந்த நகரம் குண்டுவீச்சில் எரிந்தது. செத்தவர்கள் திரும்பி வந்தார்கள் என்று ஊர் சொன்னது. நீரோட்டம் திடீரென்று மாறியதுதான் என்று விவரம் தெரிந்தவர்கள் சொன்னார்கள்.

கதையோடு அவர்கள் நிற்கவில்லை, தாய்மார்களே. கடல் வேண்டாம், பள்ளிக்குள்ளேயே குளம் வெட்டு என்றார்கள். அந்த இரண்டு விபத்துக்குப் பிறகுதான் பள்ளிதோறும் நீச்சல் குளம் என்ற முயற்சி அங்கே வேகம் பிடித்தது. நீச்சல் பாடமானது. பல பள்ளிகளில் உடுப்போடு தண்ணீரில் இறக்கிப் பழக்குகிறார்கள், விழும்போது யாரும் உடுப்பைக் கழற்றிவிட்டு விழுவதில்லை அல்லவா? "மிதந்து காத்திரு" என்று இரண்டே சொல்லில் பிள்ளைகளுக்குச் சொல்லித் தருகிறார்கள். மல்லாக்கப் படு, கைகால்களை விரி, முகம் மேலே இருக்கட்டும், ஆள் வரும் வரைக்கும் அப்படியே இரு. மூழ்குகிறவர் கத்துவார், கையை ஆட்டுவார் என்று சினிமாவில் காட்டுகிறார்கள். உண்மையில் கத்த மூச்சு இருக்காது. இந்தப் படத்தில் மாதிரி எல்லாம் சத்தமில்லாமல்தான் நடக்கும்.

நம் பக்கம் வருகிறேன். 2022 ஜூன், கடலூர் மாவட்டம், கெடிலம் ஆற்றுத் தடுப்பணை. 7 பேர். எல்லோரும் சிறுமிகள், இளம்பெண்கள். 2023 பிப்ரவரி, கரூர் மாவட்டம் மாயனூர், காவிரி. விளையாட்டுப் போட்டிக்கு வந்த அரசுப் பள்ளி மாணவிகள் 4 பேர். நான் பேப்பரில் படித்துவிட்டு அன்று சாப்பிடவில்லை. பையன்களாவது யாருக்கும் தெரியாமல் வாய்க்காலில் விழுந்து எழுந்து கற்றுக்கொள்கிறான். பெண் பிள்ளையை யார் தண்ணீரில் விடுகிறோம்? வயசுக்கு வந்தால் கரையோடு சரி. நீந்த மாட்டாதவனை ஆறு கொண்டுபோகும் என்றார்கள். நீந்த விடாதவளையும் அதே ஆறுதான் கொண்டுபோகிறது.

உலகச் சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2021இல் மட்டும் சுமார் 3 லட்சம் பேர் தண்ணீரில் மூழ்கி இறந்திருக்கிறார்கள். ஐ.நா. சபை ஜூலை 25ஐ நீரில் மூழ்குவதைத் தடுக்கும் நாளாக அறிவித்திருக்கிறது. நம் பள்ளிகளில் எத்தனை தினம் கொண்டாடுகிறோம், இந்த தினத்தைக் கேள்விப்பட்டிருக்கிறோமா?

"குளம் கட்டப் பணம் ஏது?" என்று கேட்பார்கள். பளிங்குக் கல் பதித்த குளம் நான் கேட்கவில்லை. வங்கதேசத்தில் கிராமத்துக் குட்டையிலேயே மூங்கில் அடித்து, இடுப்பளவு ஆழத்தில் ஒரு மேடை கட்டி, அதற்குள் பிள்ளைகளை நிறுத்தி நீச்சல் சொல்லித் தருகிறார்கள். மூங்கில் நம்மிடம் இல்லையா? நம் ஊர்த் தெப்பக்குளத்தில் ஒரு மூலை போதாதா? கயிறு பிடிக்க அத்தைகள் இல்லையா?

கல்வி அலுவலர் அம்மாவுக்கு இதுதான் என் விண்ணப்பம். நான்காம் வகுப்பிலிருந்து, முதலில் பெண் பிள்ளைகளுக்கு, சனிக்கிழமை தோறும் ஒரு மணி நேரம். பெண் பயிற்சியாளர்களே சொல்லிக்கொடுக்கட்டும், பெற்றோர் கரையில் உட்கார்ந்து பார்க்கட்டும். அனுமதி மட்டும் தாருங்கள், மூங்கிலும் ஆளும் நாங்கள் கொண்டுவருகிறோம். நகர்மன்ற உறுப்பினர் ஐயாவிடம் ஒன்று: நம் வார்டில் மேல்நிலைத் தொட்டி ஏணியின் கீழ்க்கதவு பூட்டில்லாமல் இருக்கிறது. இன்று வரும் வழியில்கூடப் பார்த்தேன், ஒரு துணிக்கயிறுதான் கட்டியிருக்கிறது. இந்த வாரமே ஒரு பூட்டு வாங்கிப் போட்டுவிடலாம்.

படத்தின் முடிவில் யோஷிமி தன் மகளைக் கரை சேர்த்துவிட்டு, அந்தச் செத்த குழந்தைக்கு அம்மாவாகப் போய்விடுகிறாள். நான் உன் அம்மா என்கிறாள். மூன்று முறை பார்த்துவிட்டேன், அந்த இடத்தில் இன்றும் கண் கலங்கியது. யாரும் தேடி வராத குழந்தை அது.

வாசலில் டீ வைத்திருக்கிறார்கள், அதற்குப் பக்கத்து மேசையில் மனு இருக்கிறது. கையெழுத்துப் போடுங்கள், பிள்ளையின் பெயரையும் வயதையும் எழுதுங்கள். முதல் கையெழுத்து எங்கள் அத்தையுடையது. வயது 76. ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்கு எங்கள் தோட்டத்துக் கிணற்றடிக்கு வந்தால் அத்தை கயிற்றோடு நிற்கும்.