டீசல் வரும் என்று காத்திருந்தவர்கள்

அவையோருக்கு வணக்கம்.

நான் பங்குச்சந்தை நிபுணன் இல்லை. உர ஆலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற வேதிப் பொறியாளன். ஆனாலும் நிலக்கரியிலிருந்து டீசல் எடுக்கப் போவதாகச் சொன்ன கம்பெனிகளையும், அவற்றை நம்பிப் பணம் போட்டவர்களையும் இருபது வருடமாகக் கவனித்து வருகிறேன். அந்தக் கதையில் பாதி என் தொழிலுக்குள்ளேயே நடக்கிறது.

நிலக்கரியை நீராவியோடும் ஆக்சிஜனோடும் கடும் வெப்பத்தில் வினைபுரிய வைத்தால் கார்பன் மோனாக்சைடும் ஹைட்ரஜனும் கலந்த வாயு கிடைக்கும். அந்த ஹைட்ரஜனை நைட்ரஜனோடு சேர்த்தால் அம்மோனியா, அதிலிருந்து யூரியா. நெய்வேலியில் ஒரு காலத்தில் பழுப்பு நிலக்கரியைக் கொண்டு இப்படித்தான் யூரியா செய்தார்கள். அதே வாயுவை இரும்பு அல்லது கோபால்ட் வினையூக்கியின் மேல் செலுத்தினால் மெழுகும் டீசலும் வரும். ஜெர்மனியின் முல்ஹைம் நகரில் பிரான்ஸ் பிஷரும் ஹான்ஸ் டிராப்ஷும் 1925 வாக்கில் கண்ட வழி அது. நூறு வருடமாகத் தெரிந்த வேதியியல்.

இந்தக் கம்பெனிகள் முதலீட்டாளரிடம் முதலில் சொல்வதும் அதைத்தான்: "நிரூபிக்கப்பட்ட தொழில்நுட்பம்." பொய்யில்லை. ஆனால் கேட்பவர் மனம் அங்கேயே ஒரு தாவு தாவிவிடுகிறது. வினை நடக்கும் என்றால் வியாபாரமும் நடக்கும் என்று எடுத்துக்கொள்கிறது.

ரென்டெக் என்ற அமெரிக்கக் கம்பெனியின் கதையைச் சொல்கிறேன். 1981இல் தொடங்கியது. பிஷர், டிராப்ஷ் முறையில் தனக்கென ஒரு வடிவத்தை உருவாக்கிக் கையில் வைத்திருந்தது. ஈராக் போரும் கத்ரீனா புயலும் எண்ணெய் விலையை ஏற்றிவிட்ட காலத்தில், 2006இல், இல்லினாய் மாநிலத்தின் ஈஸ்ட் டுபியூக் என்ற சிற்றூரில் இயங்கிவந்த ஓர் உர ஆலையை வாங்கியது. இயற்கை எரிவாயுவில் ஓடிய ஆலை அது. அதை இல்லினாய் நிலக்கரிக்கு மாற்றி, உரத்தோடு டீசலும் எடுப்பது திட்டம். படித்தபோது எனக்கே நெஞ்சு துள்ளியது. பாதி ஆலை ஏற்கெனவே நிற்கிறது, தினமும் உரம் விற்றுக் காசு வருகிறது, மீதியைக் கட்டினால் போதும்! பொறியாளன் கண்ணுக்கு இதைவிட அழகான திட்டம் கிடைக்காது.

அன்றைய சூழலையும் பாருங்கள். 2006 செப்டம்பரில் அமெரிக்க விமானப்படை பி-52 குண்டுவீச்சு விமானத்தைச் செயற்கை எரிபொருள் கலந்து பறக்கவிட்டது. அந்த எரிபொருள் இயற்கை எரிவாயுவிலிருந்து வேறொரு கம்பெனி செய்தது. ஆனால் முறை இதே முறை. இல்லினாய் செனட்டராக இருந்த பராக் ஒபாமா, கென்டக்கியின் ஜிம் பன்னிங்கோடு சேர்ந்து நிலக்கரி எரிபொருளை ஊக்குவிக்கும் மசோதாவைக் கொண்டுவந்தார். சாதாரண அமெரிக்கருக்கு இந்தப் பங்கை வாங்குவது வெறும் முதலீடாகத் தெரியவில்லை. வளைகுடா எண்ணெய்க்குக் கையேந்தாமல் நம் மண்ணுக்கடியில் இருப்பதை எடுத்து வண்டி ஓட்டலாம் என்ற ஆசையும் அதில் கலந்திருந்தது.

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க விரும்புகிறேன். நாட்டுப்பற்றோடு வாங்கிய பங்கை விற்பது கடினம். விலை இறங்கினால் "இன்னும் கொஞ்சம் பொறுப்போம்" என்று தோன்றும். சந்தேகம் கேட்பவர் எதிரியாகத் தெரிவார். கம்பெனி புதுப் பங்குகளை வெளியிட்டுப் பணம் திரட்டும்போது, தன் கையில் இருக்கும் பங்கின் பாகம் சுருங்குகிறதே என்று கணக்குப் பார்க்கத் தோன்றாது. ஆலைக்குத்தானே பணம் என்று மனம் ஆறிவிடும். நல்ல மனசுக்காரர்கள்தான் இதில் அதிகம் இழந்தார்கள். அதை நினைத்தால் இன்றும் எனக்கு வருத்தமாக இருக்கிறது.

2007 டிசம்பரில் அமெரிக்காவில் ஓர் எரிசக்திச் சட்டம் வந்தது. சாதாரணப் பெட்ரோலியத்தைவிட அதிகக் கரியமில வாயு வெளியிடும் மாற்று எரிபொருளை அரசுத் துறைகள் வாங்கக் கூடாது என்று அதன் 526ஆம் பிரிவு சொன்னது. நிலக்கரி டீசல் அந்த வகைதான். அதை வாங்கக்கூடிய மிகப் பெரிய கை விமானப்படையுடையது. அந்தக் கை கட்டப்பட்டது. அதே மாதத்தில் ரென்டெக் ஈஸ்ட் டுபியூக் மாற்றத் திட்டத்தை நிறுத்திவைத்து, மிசிசிப்பி மாநிலத்தின் நாச்செஸ் பக்கம் பார்வையைத் திருப்பியது.

அடுத்த ஏழு மாதத்தில், 2008 ஜூலையில், கச்சா எண்ணெய் பீப்பாய் 147 டாலரைத் தொட்டது. விலை உச்சியில் இருந்தும் ஆலை எழும்பவில்லை. ஏன்? எண்ணெய் ஏறும்போது எஃகு ஏறும், சிமென்ட் ஏறும், வெல்டர் கூலி ஏறும், ஆலையின் மதிப்பீடும் கூடவே ஏறும். அந்த டிசம்பரில் எண்ணெய் 35 டாலருக்கும் கீழே விழுந்தது. இப்படி ஓர் ஆலையைக் கட்ட ஐந்தாறு வருடம் பிடிக்கும். ஐந்து மாதத்தில் நாலில் ஒரு பங்காகிவிடும் விலையை நம்பி எந்த வங்கி பல நூறு கோடி டாலர் கொடுக்கும்? ரென்டெக் பங்கு ஒரு டாலருக்குக் கீழே போனது.

படிக்கல்லாக வாங்கிய அந்த உர ஆலை மட்டும் நன்றாகச் சம்பாதித்தது. நிலக்கரி டீசல் ஒரு துளியும் வராத அந்த ஆலை, இயற்கை எரிவாயுவிலேயே ஓடி லாபம் தந்தது. 2011இல் அதைத் தனிக் கம்பெனியாகச் சந்தையில் பட்டியலிட்டார்கள். 2013இல் ரென்டெக் எரிபொருள் ஆராய்ச்சியையே மூடிவிட்டு, எரிப்பதற்கான மரத்துகள் வில்லை செய்யும் தொழிலுக்குப் போனது. அதுவும் கைகொடுக்கவில்லை. 2015இல் பத்துப் பங்குகளை ஒன்றாகச் சுருக்கியது. 2017 டிசம்பரில் திவால் மனு.

"நிலக்கரியிலிருந்து எண்ணெய் எடுக்கும் தென்னாப்பிரிக்கக் கம்பெனி சாசோல் வென்றதே?" என்று கேட்பீர்கள். வென்றது. செக்குண்டா என்ற ஊரில் அதன் ஆலை இன்றும் ஓடுகிறது. நாளொன்றுக்கு ஒன்றரை லட்சம் பீப்பாய் அளவில் உற்பத்தி செய்யத்தக்க ஆலை. ஆனால் அதைக் கட்டியது யார்? 1950இல் சாசோலைத் தொடங்கியது அரசு. 1955இல் முதல் எண்ணெய் வந்தது. நிறவெறி ஆட்சிக்கு உலகம் எண்ணெயை மறுக்கத் தொடங்கிய பின் செக்குண்டா எழுந்தது. 1979இல் ஈரானில் மன்னர் ஷா வீழ்ந்ததும், அதுவரை வந்துகொண்டிருந்த ஈரான் எண்ணெயும் நின்றது. எண்ணெயே கிடைக்காதவனுக்கு விலை ஒரு பொருட்டா? பொதுமக்களுக்குப் பங்கு கிடைத்தது அந்த 1979இல்தான். ஹிட்லரின் ஜெர்மனி இத்தகைய ஆலைகளைக் கட்டியதும் முற்றுகைக்கு அஞ்சித்தான். சீனாவின் நிங்சியாவில் 2016இல் தொடங்கிய ஆண்டுக்கு 40 லட்சம் டன் ஆலையும் அரசுக் கம்பெனியுடையது. வெறும் பங்குதாரர் பணத்தில் மட்டும் இந்த அளவில் எழுந்த நிலக்கரி டீசல் ஆலை ஒன்றைக்கூட நான் பார்த்ததில்லை.

எழுந்து நிற்கும் சாசோலின் பங்குதாரருக்கும் நிம்மதி இல்லை. 2020 மார்ச் 9 அன்று எண்ணெய் விலை சரிந்தபோது, ஒரே நாளில் பங்கின் மதிப்பு ஏறத்தாழப் பாதியாகிவிட்டது. அமெரிக்காவின் லேக் சார்ல்ஸில் கட்டிய ரசாயன ஆலையின் செலவு 890 கோடி டாலர் மதிப்பீட்டிலிருந்து 1,200 கோடியைத் தாண்டி ஏறியிருந்த நேரம் அது. கடன் கழுத்தை நெரித்தது. செக்குண்டா வெளியிடும் கரியமில வாயுவோ ஆண்டுக்கு ஐந்து கோடி டன்னுக்கு மேல். நார்வே நாடு முழுவதும் வெளியிடுவதைவிட அதிகம். 2023 நவம்பரில் போராட்டக்காரர்கள் மேடையேறியதால் ஆண்டுப் பொதுக்கூட்டத்தையே நடத்த முடியாமல் போனது. சுற்றிலும் வாழும் மக்கள் சுவாசிக்கும் காற்றைப் பற்றிய கேள்வி அது. அதைப் பங்கு விலைக்கு வெளியே இருக்கும் விஷயம் என்று ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை.

நம் நாட்டுக்கு வருகிறேன். 2009இல் ஒடிசாவில் இரண்டு நிலக்கரி வயல்களை இந்த எரிபொருளுக்கென்றே ஒதுக்கினார்கள். ஒன்று டாடாவும் சாசோலும் கூட்டாக அமைத்த கம்பெனிக்கு, இன்னொன்று ஜிண்டாலுக்கு. 2014இல் உச்ச நீதிமன்றம் நிலக்கரி ஒதுக்கீடுகளை ரத்து செய்தபோது இரண்டும் போயின. இப்போது 2024 ஜனவரியில் மத்திய அரசு நிலக்கரியை வாயுவாக்கும் திட்டங்களுக்கு 8,500 கோடி ரூபாய் ஊக்கத்தொகை அறிவித்திருக்கிறது. இந்த அறிவிப்பை வைத்து ஏதாவதொரு பங்கை உங்களிடம் யாராவது கொண்டுவருவார்கள். பிஷரின் பெயரையும் சாசோலின் பெயரையும் சொல்வார்கள்.

அவரிடம் கேட்க என்னிடம் மூன்று கேள்விகள் உண்டு. கட்டக் கடன் கொடுக்கக் கையெழுத்துப் போட்டிருப்பது எந்த வங்கி? வரும் எண்ணெயை எத்தனை வருடத்துக்கு, என்ன விலைக்கு வாங்க எழுதிக் கொடுத்திருப்பது யார்? பீப்பாய் 40 டாலருக்கு இறங்கினால் கடனுக்கு வட்டி கட்டப்போவது யார்? ரென்டெக் பங்குதாரர்கள் இந்த மூன்றையும் 2006இலேயே கேட்டிருக்கலாம். அன்று பதில் எதுவும் இருந்திருக்காது.

ஈஸ்ட் டுபியூக் ஆலை பின்னர் கைமாறி வேறொரு உரக் கம்பெனிக்குப் போனது. அங்கே இன்றும் இயற்கை எரிவாயுவில் அம்மோனியா செய்கிறார்கள்.