மின்வெட்டுக்குப் பின் காணாமல் போகும் செர்வர்

நேயர்களுக்கு வணக்கம்.

சுங்கை சிப்புட் வட்டாரத்தில் பிற்பகல் இடிமழையோடு மின்சாரமும் போவது நமக்குப் பழகிய சங்கதி. மின்சாரம் திரும்பியதும் விசிறி சுழலும், விளக்கு எரியும். பள்ளி அலுவலகத்து செர்வரை, அதாவது எல்லோரும் பகிர்ந்து பயன்படுத்தும் பொதுக் கணினியை, மட்டும் மற்றக் கணினிகளால் கண்டுபிடிக்க முடியாது. உடனே பழுதுபார்ப்பவரைத் தேடுவார்கள். பெரும்பாலும் செர்வர் கெட்டிருக்காது. வலையமைப்பில் அதை அடையாளம் காட்டும் எண்ணான ஐபி முகவரி மாறியிருக்கும், அவ்வளவுதான்.

தோட்டத்தில் பெரட்டுக்கு, அதாவது காலையில் பேர் கூப்பிட்டு வேலை பிரிக்கும் இடத்தில், நின்றவர்களுக்கு இது எளிதில் விளங்கும். இன்றைக்கு உனக்கு இந்த மர வரிசை என்று காலையில் பிரித்துக் கொடுப்பார்கள் அல்லவா? கருவிகளை இணையத்தோடு இணைக்கும் பெட்டியான ரூட்டரில் உள்ள டிஎச்சிபி என்ற முறையும், இணைகிற ஒவ்வொரு கருவிக்கும் ஒரு முகவரியைக் குறிப்பிட்ட காலத்துக்கு மட்டும் கொடுக்கிறது. யாருக்கு எதைக் கொடுத்தோம் என்பதை மின்சாரம் போனதும் மறந்துவிடும் ரூட்டர்கள் பல உண்டு. கைப்பேசிக்கு அதனால் நட்டமில்லை. அதைத் தேடி யாரும் வருவதில்லை. செர்வரைத்தான் எல்லோரும் தேடி வருகிறார்கள். ஆகவே அதற்கு மாறாத, நிலையான ஒரு முகவரி வேண்டும்.

நிலையான முகவரிக்கு இணைய நிறுவனத்திடம் மாதாமாதம் பணம் கட்ட வேண்டுமே என்று சிலர் தயங்குகிறார்கள். அது வெளியுலகுக்குத் தெரியும் முகவரி. 192.168 என்று தொடங்கும் உள்முகவரிகள் 1990-களிலேயே தனிப் பயன்பாட்டுக்கென ஒதுக்கப்பட்டவை. யாருடைய அனுமதியும் வேண்டாம், காசும் வேண்டாம்.

ரூட்டரிலேயே செர்வருக்கென ஒரு முகவரியை ஒதுக்கி வைக்கலாம். அழகான வழிதான். ஆனால் நம் பக்கத்தில் இடி இறங்கினால் முதலில் போவது ரூட்டர். புதியதை மாட்டிவிட்டுப் போகிறவர் பழைய ஒதுக்கீட்டைக் கண்டாரா? ஆகவே செர்வரிலேயே எழுதி வைப்பதுதான் என் கட்சி.

எழுதுமுன் கணினியின் உலாவியில் ரூட்டரின் அமைப்புப் பக்கத்தைத் திறந்து, எந்த எண் முதல் எந்த எண் வரை அது வழங்குகிறது என்று பாருங்கள். முகவரியின் கடைசி எண் 100 முதல் 200 வரை என்றால், அதற்கு வெளியே, 192.168.1.10 போன்ற ஒன்றை எடுங்கள். உள்ளே எடுத்தால் ஒருநாள் அதே எண்ணை ரூட்டர் யாரோ ஓர் ஆசிரியரின் கைப்பேசிக்கும் கொடுத்துவிடும். பிறகு செர்வர் ஒரு நேரம் கிடைக்கும், ஒரு நேரம் கிடைக்காது. முழுதாக நின்றுபோவதைவிட அந்தத் தொல்லை மோசம்.

உபுண்டு என்ற இயங்குதளம் உள்ள செர்வரில், நெட்பிளான் என்ற கருவியின் அமைப்புக் கோப்பில் இதை எழுத வேண்டும். முகவரிக்குப் பின்னால் சாய்கோடு போட்டு 24, பிறகு ரூட்டரின் முகவரி, பிறகு இணையப் பெயர்களை எண் முகவரிகளாக மாற்றித் தரும் டிஎன்எஸ்ஸின் முகவரி. டிஎன்எஸ்ஸை விட்டுவிட்டால் பள்ளிக்குள் எல்லாம் நடக்கும், வெளியிலிருந்து புதுப்பிப்புகள் மட்டும் வராது. காரணம் தெரியாமல் மண்டை காயும். வரிகளை உள்தள்ள இடைவெளிப் பொத்தானையே அழுத்துங்கள். டேப் பொத்தானை இந்தக் கோப்பு ஏற்காது.

'நெட்பிளான் டிரை' என்று கட்டளையிட்டால் புதிய அமைப்பு 120 விநாடிகள் தற்காலிகமாக நடைமுறைக்கு வரும். அதற்குள் என்டர் அழுத்தி உறுதி செய்யாவிட்டால் பழையபடி திரும்பிவிடும். நல்ல பாதுகாப்பு. ஆனால் ஈப்போவில் உட்கார்ந்துகொண்டு தொலைவிலிருந்து செய்யாதீர்கள். முகவரி மாறும்போது நீங்கள் பிடித்திருக்கும் இணைப்பே அறுந்துபோகலாம். என்டர் அழுத்த வழியிருக்காது. நேரில் போய்ச் செர்வரின் விசைப்பலகையிலேயே செய்யுங்கள். போன கையோடு அச்சுப்பொறிக்கும் ஒரு நிலையான முகவரியைக் கொடுத்துவிடுங்கள். அதையும்தான் எல்லோரும் தேடுகிறார்கள்.

நன்றி, வணக்கம்.